எஃகுத் தொழிலுக்கு ஒரு நாட்டுக்கு என்னென்ன கனிமங்கள் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனிம வளம் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர், "மலை மலையாக இரும்பு கிடக்கிறதே, அப்புறம் என்ன தடை?" என்று கேட்டுவிடுகிறார். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். பெரும்பாலான குழப்பம் இரும்புத் தாதுவில் இல்லை, அதற்குத் துணை போகும் மற்ற கனிமங்களில்தான் என்பது என் கணிப்பு. அதனால் அவற்றுக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இரும்பும் எஃகும் ஒன்றுதானே? ஏன் தனித்தனியாகச் சொல்கிறீர்கள்?

தாதுவில் இரும்பு தனியாக இருப்பதில்லை, ஆக்சிஜனோடு பின்னிக் கிடக்கிறது. அந்த ஆக்சிஜனைப் பிரித்தெடுப்பதுதான் முதல் வேலை. ஊதுலையில், அதாவது கீழிருந்து சூடான காற்றை ஊதி இரும்பை உருக்கும் உயரமான உலையில், அதைச் செய்யும்போது கிடைக்கும் உருகிய இரும்பில் சுமார் 4 சதவீதம் கார்பன் ஏறியிருக்கும். அப்படியே ஆறவிட்டால் கடினமாக இருக்கும், ஆனால் தட்டினால் உடையும். அந்தக் கார்பனை எரித்துக் குறைத்து, வேண்டாத சேர்க்கைகளை நீக்கி, வேண்டியவற்றைச் சேர்த்தால் எஃகு. நாம் புழங்கும் எஃகில் பெரும்பாலானவற்றில் கார்பன் 1 சதவீதத்துக்கும் குறைவு.

கீழே வரும் கனிமங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வேலைகளில் ஒன்றுக்காக வருகின்றன: ஒன்று ஆக்சிஜனைப் பிரிக்க, அல்லது கலவையைச் சரிசெய்ய.

சரி, ஒரு டன் எஃகுக்கு எது எவ்வளவு போகும்?

ஊதுலை வழியில், உலக சராசரியாக, ஒரு டன் எஃகுக்குச் சுமார் 1.4 டன் இரும்புத் தாது, 0.8 டன்னை ஒட்டி நிலக்கரி, 270 கிலோ சுண்ணாம்புக்கல், 125 கிலோ பழைய இரும்பு என்று கணக்கு. தாதுவின் தரம் குறையக் குறைய எல்லா எண்ணும் கூடும்.

சிறிய எண்களாகத் தெரியலாம். ஆண்டுக்கு 1 கோடி டன் எஃகு செய்யும் ஆலைக்குப் பெருக்கிப் பாருங்கள். வருடத்துக்கு இரண்டரைக் கோடி டன் சரக்கு உள்ளே வர வேண்டும், அதாவது ஒரு நாளைக்கு 70,000 டன். ஒரு சரக்கு ரயில் 4,000 டன் சுமக்கும் என்று வைத்தாலும் தினமும் 17, 18 ரயில்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. கனிமம் இருக்கிறதா என்ற கேள்வியோடு, அதை இந்த வேகத்தில் கொண்டுவந்து சேர்க்க முடியுமா என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டே வரும்.

மண் செக்கச்செவேல் என்று இருந்தால் அங்கே இரும்புத் தாது இருக்கிறது என்று அர்த்தமா?

இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். தாது இருக்கிறது என்று அர்த்தமில்லை. பூமியின் மேலோட்டில் எடைக் கணக்கில் சுமார் 5 சதவீதம் இரும்புதான், எனவே அது இல்லாத இடம் அபூர்வம். எடுத்து உருக்கினால் கட்டுப்படியாகும் அளவுக்குச் செறிந்து கிடந்தால்தான் அதற்குத் தாது என்று பெயர்.

முக்கியமானவை இரண்டு. ஹேமடைட் சுத்தமாக இருந்தால் அதில் 70 சதவீதம் இரும்பு. மேக்னடைட்டில் 72 சதவீதம், காந்தத்தால் இழுக்கவும்படும். உலகின் பெரிய இரும்புப் படிவுகள் பலவும் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உருவானவை. கடல் நீரில் கரைந்திருந்த இரும்பு, நுண்ணுயிர்கள் வெளியிட்ட ஆக்சிஜனோடு சேர்ந்து அடுக்கடுக்காகப் படிந்தது. ஆஸ்திரேலியாவின் பில்பரா, பிரேசிலின் கராஜாஸ், சத்தீஸ்கரின் பைலாடிலா போன்ற இடங்களில் பிற்கால மழையும் வெயிலும் அந்த அடுக்குகளிலிருந்து சிலிகாவை (மணலில் இருக்கும் பொருள்) கரைத்துக் கொண்டுபோய், இரும்பை 60 சதவீதத்துக்கு மேல் செறிவாக்கிவிட்டன.

இரும்பு 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் போதும்தானே?

மீதி 40-ல் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் போனால் தொல்லையில்லை. சிலிகா இருந்தால் அதைக் கரைக்கச் சுண்ணாம்பு கூடுதலாகப் போட வேண்டும். அலுமினா (அலுமினிய ஆக்சைடு) அதிகமானால் கசடு, அதாவது உலையில் உருகிப் பிரியும் கழிவு, கூழ் மாதிரி கெட்டியாகி உலையிலிருந்து இறங்க மறுக்கும். இந்தியத் தாதுக்களில் பலவற்றுக்கு இரும்புச் சதவீதம் நன்றாக இருந்தும் இந்த அலுமினாதான் தலைவலி. பாஸ்பரஸ் மிஞ்சினால் எஃகு குளிரில் நொறுங்கும்.

பாஸ்பரஸுக்கு ஒரு நல்ல கதை உண்டு. 1856-ல் ஆங்கிலேயக் கண்டுபிடிப்பாளர் ஹென்றி பெஸ்ஸமர் எஃகு செய்யும் தன் முறையை அறிவித்தார். உருகிய இரும்புக்குள் காற்றை ஊதினால் நிமிடக் கணக்கில் எஃகு. ஆனால் பாஸ்பரஸ் உள்ள தாதுவில் அது பலிக்கவில்லை. பிரான்ஸ், ஜெர்மனி எல்லையில் லொரேன் பகுதியில் ஏராளமாகக் கிடந்த தாது அந்த ரகம். லண்டனில் நீதிமன்ற எழுத்தராக இருந்த சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் என்ற இளைஞர், வேதியியலாளரான தன் உறவினர் பெர்சி கில்கிறிஸ்ட்டோடு சேர்ந்து 1878-ல் வழி கண்டுபிடித்தார். உலையின் உட்பூச்சைச் சிலிகாவிலிருந்து டாலமைட் என்ற மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லுக்கு மாற்றி, உள்ளே சுண்ணாம்பும் போட்டார். பாஸ்பரஸ் கசடோடு போய்விட்டது, அந்தக் கசடை அரைத்து உரமாகவும் விற்றார்கள். பூமிக்கடியில் எதுவும் மாறாமலேயே ஐரோப்பாவின் இரும்பு வரைபடம் மாறிப்போனது. கழிசல் என்று எழுதி வைத்த படிவு எல்லாக் காலத்துக்கும் கழிசல் ஆகிவிடாது.

தாது தூளாக இருந்தால் வீண்தானா?

நேரடியாக ஊதுலையில் கொட்ட முடியாது. தூள் அடைத்துக்கொண்டால் கீழிருந்து மேலே போகும் வாயுவுக்கு வழி இருக்காது. அதனால் தூளைக் கோக் (நிலக்கரியைச் சுட்டுச் செய்யும் எரிபொருள்) பொடி, சுண்ணாம்போடு சேர்த்துச் சூடாக்கிக் கட்டியாக்குகிறார்கள், இது சின்டர். இன்னும் நுண்ணிய தூளைப் பெண்டோனைட் களிமண்ணை ஒட்டுப்பொருளாகக் கொண்டு கோலிக்குண்டு அளவில் உருட்டிச் சுடுகிறார்கள், இது பெல்லட்.

பெல்லட் வந்ததால்தான் தாழ்ந்த ரகத் தாதுவுக்கும் மதிப்பு வந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 25, 30 சதவீத இரும்பே உள்ள டாகோனைட் என்ற கடினப் பாறையை மாவாக அரைத்து, காந்தத்தால் பிரித்து, உருண்டையாக்குகிறார்கள். இதன் மறுபக்கம், அரைத்தபின் மிஞ்சும் சேற்றுக் கழிவு. அதை அணை கட்டித் தேக்க வேண்டும். 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாடின்யோவில் அப்படி ஓர் அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். தாழ்ந்த தாதுவைச் செறிவூட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், கழிவு எங்கே போகும் என்று உடனே கேட்பது நல்லது.

நிலக்கரிதான் தாராளமாக இருக்கிறதே, அப்புறம் ஏன் எஃகு ஆலைகள் அதை வெளிநாட்டிலிருந்து வாங்குகின்றன?

எனக்கு மிக அதிகமாக வந்த கேள்வி இதுதான். மின்நிலையத்தில் எரியும் நிலக்கரி வேறு, கோக்கிங் நிலக்கரி வேறு. காற்றுப் புகாத அடுப்பில் 1,000 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சுட்டால், கோக்கிங் நிலக்கரி முதலில் இளகி, உப்பி, பிறகு இறுகி, துளைகள் நிறைந்த கெட்டியான கட்டியாகும். அதுதான் கோக். மற்ற நிலக்கரி அதே சூட்டில் பொடியாகவே மிஞ்சும். இளகும் குணம் சில வகைகளுக்கு மட்டுமே உண்டு. அது இல்லாத நிலக்கரியை எவ்வளவு கழுவினாலும் அந்தக் குணம் வந்துவிடாது.

கோக்குக்கு உலையில் மூன்று வேலை: சூடு தருவது, ஆக்சிஜனைப் பறிக்கும் வாயுவைத் தருவது, பாரம் தாங்குவது. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஊதுலையின் கீழ்ப்பகுதியில் 2,000 டிகிரியை ஒட்டிய சூடு. தாது, சுண்ணாம்பு எல்லாம் அங்கே உருகி ஓடும். திடமாக நிற்பது கோக் மட்டும்தான். மேலே பல மீட்டர் உயரத்துக்கு அடுக்கிய சரக்கின் எடையைத் தாங்கிக்கொண்டு, கட்டிகளுக்கு நடுவே வாயு ஏறவும் இரும்பு இறங்கவும் இடம் விட்டு நிற்க வேண்டும்.

இப்போது இந்தியாவைப் பாருங்கள். உலகின் பெரிய நிலக்கரி உற்பத்தி நாடுகளில் ஒன்று. நல்ல கோக்கிங் ரகம் ஜார்க்கண்டின் ஜாரியா சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது, அதிலும் சாம்பல் அதிகம். அதனால் ஆலைகளின் கோக்கிங் நிலக்கரித் தேவையில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. உலகக் கடல் வணிகத்தில் முதலிடம் ஆஸ்திரேலியாவுக்கு, அங்கே குயின்ஸ்லாந்தின் போவன் படுகை. 2010 கடைசியில் தொடங்கி 2011 தொடக்கம் வரை குயின்ஸ்லாந்தில் வெள்ளம் சுரங்கங்களை மூழ்கடித்தபோது உலகம் முழுக்க விலை தாறுமாறாக ஏறியது. ஒரே படுகையை இத்தனை நாடுகள் நம்பியிருக்கின்றன.

கோக்குக்குப் பதிலாக மரக்கரி, சாதாரண நிலக்கரி ஏதாவது போட முடியாதா?

ஓரளவுக்கு முடியும். சாதாரண நிலக்கரியை மாவாக்கி உலையின் அடிப்பக்கக் குழாய்கள் வழியாக ஊதுவது இப்போது பரவலான வழக்கம். கோக் செலவு கணிசமாகக் குறையும். ஆனால் மேலே சொன்ன பாரம் தாங்கும் வேலையைத் தூள் செய்யாது, எனவே கோக்கை முழுக்க விலக்க முடியாது.

1709-ல் இங்கிலாந்தில் ஏபிரகாம் டார்பி கோக்கைக் கொண்டு இரும்பு உருக்கிக் காட்டும்வரை அங்கே எல்லாம் மரக்கரிதான். பிரேசிலில் யூக்கலிப்டஸ் வளர்த்து மரக்கரி போட்டு இன்றும் இரும்பு உருக்குகிறார்கள். மரக்கரி எளிதில் நொறுங்கும் என்பதால் உலைகள் சிறியவை.

சுண்ணாம்புக்கல் எங்கும் கிடைப்பதுதானே, அதைக் கூடவா கணக்குப் பார்க்க வேண்டும்?

ஊதுலைக்கு ஓரளவு எது கிடைத்தாலும் சமாளிக்கலாம். எஃகாக்கும் உலைக்குச் சிலிகா மிகக் குறைந்த உயர்ரகம் வேண்டும். சிலிகாவைக் கரைக்கத்தான் சுண்ணாம்பு போடுகிறோம். சுண்ணாம்பே சிலிகாவைக் கொண்டுவந்தால் என்ன லாபம்? சிமெண்ட் ஆலைக்கு அருமையான கல் எஃகுக்கு உதவாமல் போவது சகஜம். கூடவே டாலமைட்டும் வேண்டும், கசடு இளக்கமாக ஓட அது உதவும். அந்தக் கசடை நீரில் பீய்ச்சிக் குளிரவைத்தால் சிமெண்டுக்குக் கலவைப் பொருள்.

மாங்கனீசு எதற்கு? அது பேட்டரிக்குப் போவதில்லையா?

பேட்டரிக்கும் போகிறது. ஆனால் தோண்டி எடுக்கும் மாங்கனீசில் மிகப் பெரும்பங்கு எஃகுக்குத்தான். கந்தகம் இரும்போடு சேர்ந்தால், சூடாக உருட்டும்போது எஃகு வெடித்துப் பிளக்கும். மாங்கனீசு கந்தகத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். பெஸ்ஸமரின் ஆரம்பகால எஃகு நொறுங்கிக்கொண்டே இருந்தபோது, ராபர்ட் முஷெட் என்ற உலோகவியலாளர் மாங்கனீசு கலந்த இரும்பைச் சேர்த்துத்தான் அதை உருட்டும் பதத்துக்குக் கொண்டுவந்தார்.

டன்னுக்குச் சில கிலோதான் போகும், மாற்றுப் பொருளும் கிடையாது. பெரிய படிவுகள் தென்னாப்பிரிக்காவின் கலஹாரி, காபோன், ஆஸ்திரேலியா என்று எண்ணிவிடலாம். தாதுவை அப்படியே போடாமல் மின் உலையில் பெர்ரோ மாங்கனீசாக (மாங்கனீசும் இரும்பும் சேர்ந்த கலவை) மாற்றியே போடுவார்கள். அதனால் மலிவான மின்சாரமும் கணக்கில் வந்துவிடுகிறது.

எவர்சில்வர் செய்ய வேறு என்ன வேண்டும்?

குரோமியம். குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால்தான் துருப்பிடிக்காத எஃகு என்ற பெயர். நமக்குப் பழக்கமான பாத்திர ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். குரோமைட் தாதுவில் தென்னாப்பிரிக்கா முன்னணி, இந்தியாவில் ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கு. நிக்கலில் இந்தோனேசியா. வலுவான மெல்லிய எஃகுக்கு நயோபியம் சேர்ப்பார்கள், அதில் உலகத் தேவையின் பெரும்பகுதி பிரேசிலின் அராஷா என்ற ஒரே இடத்திலிருந்து வருகிறது.

எல்லா நாடும் இவை எல்லாவற்றையும் தன் மண்ணில் தேட வேண்டியதில்லை. அளவு சிறியது, கப்பலில் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தப் பட்டியல்களில் யாருமே சொல்லாத கனிமம் ஏதாவது உண்டா?

உலைக்கு உள்பூச்சாகப் போகும் கற்கள். 1,600 டிகிரியில் உருகிய எஃகை வைத்திருக்கும் பாத்திரமும் எதனாலோ ஆனதுதானே? மேக்னசைட், டாலமைட், தீக்களிமண், உயர் அலுமினா பாக்சைட், கிராஃபைட், கோக் அடுப்புக்குக் குவார்ட்சைட்டில் செய்த சிலிகா செங்கல். டன் எஃகுக்குச் சுமார் 10 கிலோ அளவுக்கு இவை தேய்ந்து போகின்றன. மேக்னசைட்டில் சீனாவின் ஆதிக்கம் பெரிது. இந்தச் செங்கல் வராமல் போனால் தாதுவும் கோக்கும் குவிந்து கிடந்தாலும் உலை நிற்கும். கொள்கை அறிக்கைகளில் இதற்கு ஒரு பத்திகூட ஒதுக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

"இருப்பு இன்னும் 40 வருடத்துக்குத்தான்" என்று சொல்கிறார்களே, அதற்கப்புறம் தீர்ந்துவிடுமா?

இருப்பு என்பது இன்றைய விலையில், இன்றைய முறையில், இன்றைய சட்டத்தில் லாபத்தோடு எடுக்கக்கூடிய அளவு. மூன்றில் எது மாறினாலும் எண் மாறும். மேலே சொன்ன லொரேன் தாதுவும் டாகோனைட்டும் தொழில்நுட்பத்தால் இருப்புக்குள் வந்தவை.

1938-ல் ஆஸ்திரேலியா, தன்னிடம் இருக்கும் இரும்புத் தாது குறைவு, உள்நாட்டுக்கே போதாது என்று சொல்லி ஏற்றுமதியைத் தடை செய்தது. விற்க வழியில்லாததால் புதிதாகத் தேடவும் யாருக்கும் ஆர்வமில்லை. 1960-ல் தடையைத் தளர்த்தியதும் பில்பராவின் மலைகள் வெளிச்சத்துக்கு வந்தன. இன்று உலகிலேயே அதிகமாக ஏற்றுமதி செய்வது அந்த நாடுதான். எதிர்த்திசையிலும் நடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் குதிரேமுக்கில் மேக்னடைட் தாது பாக்கி இருக்கும்போதே, காட்டைக் காக்க உச்ச நீதிமன்ற உத்தரவால் 2005 முடிவில் சுரங்கம் மூடப்பட்டது. தாது அங்கேயேதான் இருக்கிறது, இருப்பில் இல்லை.

ஒன்றுமே இல்லாத ஜப்பான் எப்படி இவ்வளவு எஃகு செய்கிறது?

கடலோரத்தில் ஆலை, ஆழமான துறைமுகம், ராட்சதக் கப்பல்கள். தாதுவும் கோக்கிங் நிலக்கரியும் கிட்டத்தட்ட முழுக்க இறக்குமதியாகியும் ஜப்பான் ஆண்டுக்கு 8 கோடி டன் அளவுக்கு எஃகு செய்கிறது. தென்கொரியா 1968-ல் நிறுவனம் தொடங்கி, 1973-ல் போஹாங்கில் உற்பத்தியை ஆரம்பித்தது, அதே கடலோரப் பாணியில். மறுபுறம் ஆஸ்திரேலியா தாதுவை 90 கோடி டன் அளவுக்கு ஏற்றுமதி செய்துவிட்டு, தானாகச் செய்யும் எஃகு 60 லட்சம் டன்னைக்கூட எட்டுவதில்லை.

கப்பலில் 6,000 கிலோமீட்டர் கொண்டுவருவது, மலைநாட்டில் 600 கிலோமீட்டர் ரயிலில் கொண்டுவருவதைவிட மலிவாக அமையலாம். வரைபடத்தில் தூரம் பார்த்து ஏமாறக் கூடாது.

அப்படியானால் ஆலையைத் தாதுவுக்குப் பக்கத்தில் வைப்பதா, நிலக்கரிக்குப் பக்கத்தில் வைப்பதா?

அந்தக் காலத்தில் இரண்டுக்கும் நடுவே, ஆற்றோரமாக. ஜாம்ஷெட்பூர் அப்படி அமைந்தது: ஒரு பக்கம் கொருமஹிசானி தாது, இன்னொரு பக்கம் ஜாரியா நிலக்கரி, நடுவே இரண்டு ஆறுகள் சேருமிடம். முதல் எஃகு வந்தது 1912-ல். சோவியத் ஒன்றியத்தின் மக்னிதோகோர்ஸ்க் இன்னும் துணிச்சலான ஏற்பாடு. காந்தத் தாது நிறைந்த மலையின் அடியில் ஆலை, நிலக்கரியோ சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி குஸ்நெட்ஸ்க் படுகையில். நிலக்கரி கொண்டுவந்த ரயில், திரும்பும்போது தாதுவை ஏற்றிப் போய் அங்கேயும் ஓர் ஆலைக்குக் கொடுத்தது. பிற்காலத்தில் மலை கரைந்துபோக, தாது கஜகஸ்தானிலிருந்து வரத் தொடங்கியது. ஆலை நகரவில்லை, கனிமம் அதைத் தேடி வந்தது.

தாது இருந்தும் எஃகு வராமல் போன நாடு உண்டா?

நைஜீரியாவின் அஜாவோகுட்டா. 1979-ல் நிறுவனம் அமைத்து, சோவியத் உதவியோடு நைஜர் ஆற்றங்கரையில் ஊதுலை ஆலை கட்டினார்கள். ஐம்பது கிலோமீட்டர் அருகே இட்டாக்பேயில் தாது. ஆனால் அதில் இரும்பு 36 சதவீதத்தை ஒட்டித்தான், செறிவூட்டாமல் முடியாது. நாட்டின் எனுகு நிலக்கரி கோக் ஆகும் ரகமில்லை. துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதை முடியவே பல பத்தாண்டுகள் ஆயிற்று. நிர்வாகக் குளறுபடிகளும் அரசியலும் நிறைய உண்டு, கனிமத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் கோக் கிடைக்காத இடத்தில் ஊதுலையைத் தேர்ந்தெடுத்தது முதல் சறுக்கல் என்பது என் கருத்து. அந்த நாட்டில் இயற்கை எரிவாயு ஏராளம். அது ஏன் முக்கியம் என்பது அடுத்த இரண்டு பதில்களுக்குப் பிறகு புரியும்.

சுரங்கமே வேண்டாம், பழைய இரும்பை உருக்கினால் போதாதா?

முடிந்த இடத்தில் அதுதான் நல்ல வழி. அமெரிக்காவில் எஃகின் சுமார் 70 சதவீதம் மின்வில் உலையில் (மின்பொறியின் சூட்டில் உருக்கும் உலை) வருகிறது, அதற்கு முக்கிய மூலப்பொருள் பழைய இரும்புதான். துருக்கி அதை உலகெங்குமிருந்து வாங்கி உருக்குகிறது. ஆனால் ஒரு கட்டடமோ பாலமோ பழைய இரும்பாகத் திரும்ப வர 40, 50 வருடங்கள் ஆகும். இப்போதுதான் கட்டத் தொடங்கியிருக்கும் நாட்டில் உடைக்க என்ன இருக்கும்?

இன்னொரு சிக்கல் செம்பு. காரை நசுக்கிப் போடும்போது மோட்டாரும் ஒயரும் சேர்ந்தே போகின்றன. செம்பை விட இரும்பு எளிதில் ஆக்சிஜனோடு சேரும் என்பதால், உலையில் செம்பை மட்டும் எரித்து வெளியேற்ற வழியில்லை. சுழற்சிக்குச் சுழற்சி அது சேர்ந்துகொண்டே போகும், எஃகின் மேற்பரப்பு வெடிக்கும். அதனால் புதிய இரும்பைக் கலந்து நீர்க்கச் செய்கிறார்கள். ஆக, சுரங்கம் சிறிதாகலாம், மறையாது.

ஹைட்ரஜன் வந்துவிட்டால் கோக்கிங் நிலக்கரித் தொல்லை ஒழிந்துவிடுமா?

கோக் இல்லாத வழி ஏற்கெனவே இருக்கிறது. தாதுவை உருக்காமல், இயற்கை எரிவாயுவிலிருந்து பெற்ற வாயுவால் ஆக்சிஜனைப் பறித்தால் ஸ்பாஞ்ச் இரும்பு கிடைக்கும். அதைப் பிறகு மின் உலையில் உருக்கி எஃகாக்குவார்கள். ஈரான் பெரும்பாலும் இப்படித்தான் எஃகு செய்கிறது. இந்தியாவில் சாதாரண நிலக்கரியைக் கொண்டும் இதைச் செய்கிறார்கள். எரிவாயுவின் இடத்தில் ஹைட்ரஜனை வைப்பது அடுத்த படி. ஸ்வீடனில் அப்படிச் செய்த முதல் எஃகு 2021-ல் வாடிக்கையாளருக்குப் போனது.

ஆனால் தொல்லை ஒழியாமல் இடம் மாறுகிறது. ஸ்பாஞ்ச் இரும்பில் எதுவும் உருகுவதில்லை, எனவே கசடாகப் பிரியாமல் சிலிகா, அலுமினா எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். நாலாவது கேள்வியில் சொன்ன சங்கடங்கள் மின் உலையில் வந்து உட்காரும். அதைத் தவிர்க்க 67 சதவீதத்தை ஒட்டிய உயர்ரகப் பெல்லட் வேண்டும். அந்தத் தரம் உலகில் அரிது. இன்று 60, 62 சதவீதத் தாதுவை நம்பியிருக்கும் சுரங்கங்கள் செறிவூட்டியாக வேண்டும், அல்லது நடுவில் உருக்கும் உலை ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

தாது ஏற்றுமதியைத் தடை செய்தால் உள்நாட்டில் எஃகு ஆலைகள் தானாக வந்துவிடுமா?

வந்ததும் உண்டு, வராததும் உண்டு. இந்தோனேசியா 2020 ஜனவரியில் நிக்கல் தாது ஏற்றுமதியை நிறுத்தியது. சீன முதலீட்டோடு உருக்காலைகளும் எவர்சில்வர் ஆலைகளும் அங்கேயே பெருகின. அது பலித்ததற்குக் காரணம், உலகச் சந்தையில் அந்தத் தாதுவுக்கு அவர்கள்தான் முக்கியமான ஆள், பக்கத்திலேயே மின்சாரத்துக்கு நிலக்கரியும் இருந்தது. இரும்புத் தாதுவில் பெரும்பாலான நாடுகளுக்கு அந்தப் பிடி இல்லை. ஒருவர் நிறுத்தினால் வாங்குபவர் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்.

தடைக்கு முன்னால் பார்க்க வேண்டியது, வெளியே போகும் சரக்கு எந்த ரகம் என்பது. உள்நாட்டு ஆலைகள் கட்டியாக இருக்கும் தாதுவை மட்டும் எடுத்துக்கொண்டு, தூளைக் கையாளச் சின்டர், பெல்லட் வசதி இல்லாமல் இருந்தால், தடையின் பலன் சுரங்க வாசலில் மலைபோல் குவியும் தூள்தான். முதல் மழையில் அது பக்கத்து வயலுக்கும் ஓடைக்கும் இறங்கும்.